என்ன முறை வைத்துக் கூப்பிடுவது

தாவரப் பூங்கா
ஜனவரி 9

அன்புள்ள குட்டிக்கு,

நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் "நலம்" என்று ஒற்றை வார்த்தையில் பதில் போட்டுத் தப்பித்துக்கொள்வாய். நாற்பது வயதைத் தொட்ட பிறகும் கடிதம் எழுத உனக்கு இருக்கிற சோம்பல் போகவில்லை. போனில் பேசலாம் என்றால் இங்கே டிக்கெட் கொடுக்கிற அறையின் மொட்டைமாடியில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கிறது. அங்கே நின்று பேசினால் வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் நம் வீட்டுக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

நான் இந்த வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. நீ ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. மழையில் கூப்பிட்டால் வழுக்கும் என்கிறாய். வெயிலில் கூப்பிட்டால் தலை வலிக்கும் என்கிறாய். இரண்டும் இல்லாதபோது கடையில் ஆள் இல்லை. உன் மூக்குக்கண்ணாடிக் கடை நாலு நாள் பூட்டிக் கிடந்தால் யாருக்கும் பார்வை போய்விடாது.

காரணம் எனக்குத் தெரியும். உன் அண்ணன் தவறிப்போன பிறகு, அந்த வீட்டில் நாம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, காலியாக இருந்த அவருடைய நாற்காலியைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு சாப்பிட்டோமே, அதிலிருந்து நான் மட்டும் ஓடிவந்துவிட்டேன் என்று உனக்கு வருத்தம். ஓடித்தான் வந்தேன். ஆனால் உன்னை விட்டு ஓடவில்லை.

வந்து பார் குட்டி. மலைச்சரிவு முழுக்கப் பழைய காலத்துப் படிவயல்கள், ஒன்றின் தலைமேல் ஒன்றாக. எந்தக் காலத்து மனிதர்கள் கட்டினார்கள் என்று கேட்டால் பூங்காவில் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். முள்புதர் மூடிக் கிடந்ததை வெட்டியெடுத்து, இடிந்த கல்சுவர்களை மறுபடி அடுக்கி, இந்த மண்ணுக்கே உரிய செடிகளையும் பழைய தானியங்களையும் அங்கே வளர்க்கிறோம். விதை பொறுக்குவதும் நாற்று விடுவதும் என் வேலை. வெளியே எங்குமே கண்ணில் படாமல் போன சில செடிகள் இந்தச் சுவர்களின் கல்லிடுக்கில் ஒளிந்து பிழைத்திருக்கின்றன.

அங்கேதான் எனக்கும் சுவர்க்காரருக்கும் தகராறு. சுவர் அடுக்குகிற குழுவை நடத்துகிறவர் அவர். பூங்கா முழுக்க அவருக்கு அதுதான் பேர். வயிறு தள்ளிய சுவரைப் பிரித்துத்தான் அடுக்கவேண்டும் என்பார். பிரித்தால் இடுக்கில் இருக்கிற என் செடி போய்விடும் என்பேன். "செவுரு விழுந்தா உங்க செடியும் சேர்ந்துதான் விழும். அப்ப யார்கூட சண்டை போடுவீங்க?" என்றார் ஒருநாள். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். செடி இருக்கிற கல்லில் நான் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவேன். வட்டம் போட்ட கல்லை, நான் வந்து செடியைப் பத்திரமாக எடுக்கிறவரை சுவர்க்காரர் தொடக்கூடாது. போன வாரம் பார்க்கிறேன், தன் சாப்பாட்டு டப்பாமேல் ஒரு வட்டம் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "நீங்க வராம எப்படித் தொடறது?" என்று கேட்கிறார். பசியில் முகம் சுண்டிப்போயிருந்தது. சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

பிப்ரவரியில் பாதிச் செடிகள் பூத்துவிடும். சாக்கு எதுவும் சொல்லாமல் வா.

அண்ணி

---

ஜனவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு செடிக்காவது பேர் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. சுவர்க்காரர் மட்டும் திரும்பின பக்கமெல்லாம் நிற்கிறார். சாப்பாட்டு டப்பா கதையைப் படித்து நானும் சிரித்தேன். அப்புறம் ஏனோ சிரிப்பு நின்றுவிட்டது. சும்மா சொன்னேன், கண்டுகொள்ளாதீர்கள்.

வீடு அப்படியே இருக்கிறது. அண்ணனுடைய நாற்காலியில் இப்போது துவைத்த துணிகளைக் குவித்து வைக்கிறேன். அவன் இருந்தால் வீட்டுக் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியிருப்பான். குழாய் இன்னும் ஒழுகுகிறது. சரி செய்ய வந்தவர், "வீட்டுல வேற யாரும் இல்லையா?" என்று கேட்டார். "அண்ணி இருக்காங்க, வெளியூர்ல வேலை" என்றேன். அப்பாவும் அம்மாவும் போய், அண்ணனும் போன பிறகு அந்த ஒரு பதில்தான் என் கையில் இருக்கிறது. யார் எங்கே கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன்.

நீங்கள் இந்த வீட்டுக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அதுவரை அண்ணன்தான் எனக்குத் தலை பின்னிவிடுவான். ஒரு பின்னல் வடக்கே பார்க்கும், இன்னொன்று தெற்கே பார்க்கும். நீங்கள் முதல்நாளே என்னை இழுத்து உட்காரவைத்து இரண்டையும் ஒரே திசைக்குத் திருப்பினீர்கள். வலிக்கிறது என்று அழுதேன். "வலிச்சாதான் நேரா நிக்கும்" என்றீர்கள். அது பொய் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

வருகிறேன். பிப்ரவரி மூன்றாவது வாரம். ஆனால் எல்லோரையும் போல வரிசையில் நின்று டிக்கெட் வாங்கித்தான் நுழைவேன். உங்கள் செல்வாக்கில் உள்ளே வந்ததாக யாரும் சொல்லிவிடக் கூடாது.

குட்டி

---

பிப்ரவரி 24

வந்து சேர்ந்தேன். பஸ் வழியில் இரண்டு இடத்தில் நின்றுவிட்டது. மற்றபடி ஒன்றுமில்லை.

பூங்கா நன்றாக இருந்தது. படிவயல்கள் நீங்கள் எழுதியதைவிடப் பெரியவை. என் செருப்பை உங்கள் அறையில் விட்டுவிட்டேன். வார் அறுந்துபோனதுதான், தூக்கிப் போட்டுவிடலாம்.

மேல் படியில் ஊதாப் பூ ஒன்றைக் காட்டி அழகாக இருக்கிறதே என்றேன். அது வந்தேறி என்று வேரோடு பிடுங்கினீர்கள். எங்கிருந்தோ வந்து, ஏற்கெனவே வேர் விட்டிருப்பதையெல்லாம் தள்ளிவிட்டு இடம் பிடித்துக்கொள்ளும் என்றீர்கள். பஸ்ஸில் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

கடையில் வேலை குவிந்து கிடக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

குட்டி

---

தாவரப் பூங்கா
மார்ச் 5

குட்டி,

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உறைக்குள் இன்னொரு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கைவிட்டுத் துழாவினேன். இல்லை. தேதி, அதற்குக் கீழே காலியாக ஒரு வரி, அப்புறம் நேராக "வந்து சேர்ந்தேன்". நீ பள்ளிக்கூடச் சுற்றுலாவிலிருந்து போட்ட அட்டையில்கூட "அன்புள்ள அண்ணி" என்று இருந்தது. தன்னை விட்டுவிட்டாய் என்று உன் அண்ணன் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தை இல்லாமல் நீ எனக்கு எழுதியது இதுதான் முதல் தடவை. கடன்காரருக்கு எழுதினால்கூட மேலே ஒரு "ஐயா" போடுவார்கள்.

போகட்டும். நீ வந்திருந்தபோது நான் சொல்ல நினைத்ததை இப்போது எழுதிவிடுகிறேன். வாயைத் திறந்தபோதெல்லாம் நீ ஏதாவது ஒரு செடியைக் காட்டி, "இது என்ன அண்ணி? அது என்ன அண்ணி?" என்று கேட்டாய். இவளுக்குச் செடிமேல் இவ்வளவு ஆசையா என்று நானும் பூரித்துப்போய் விளக்கம் சொல்லிக்கொண்டே நடந்தேன். மேல் படி வரைக்கும் போய், அங்கே நீ ஒரு தண்ணீர்க் குழாயைக் காட்டி இது என்ன என்று கேட்டபோதுதான் உன் தந்திரம் புரிந்தது.

தன்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று சுவர்க்காரர் என்னிடம் கேட்டிருக்கிறார் குட்டி. எனக்கும் பிடித்திருக்கிறது. உன்னிடம் பொய் சொல்ல வரவில்லை. உன் அண்ணனை மறந்துவிட்டேனா என்று நானே என்னைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். மறக்கவில்லை. உன் அண்ணனைப் பற்றிச் சுவர்க்காரரிடம்தான் அதிகம் பேசுகிறேன். உன் அண்ணனின் குறட்டை முதற்கொண்டு எல்லாம் இவருக்குத் தெரியும்.

உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. அந்த வயதெல்லாம் எனக்குத் தாண்டிவிட்டது. ஆனால் நீ வந்தேறி என்று எழுதியிருந்ததைத் தாண்டி என்னால் போகமுடியவில்லை. அவரை அப்படியா பார்க்கிறாய்? கல்லடுக்கும்போது அவர் சிமெண்ட் போடமாட்டார், தெரியுமா? தண்ணீர் போக வழி விடாத சுவரை மழை தள்ளிவிடும் என்பார். மனிதர்களிடமும் அப்படித்தான் இருக்கிறார், யாரையும் எங்கேயும் நெருக்குவதில்லை. உன்னை இழந்துதான் இது நடக்கவேண்டும் என்றால் எனக்கு வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். "அவசரமில்ல. முதல்ல உங்க குட்டிகிட்ட பேசுங்க. நான் எங்க போயிடப்போறேன்?" என்றார். அதற்கப்புறம் அன்றைக்கு முழுக்க அவர் ஒரு கல்லையும் சரியாக வைக்கவில்லை.

நீ பதில் போடு. திட்டியாவது போடு. மேலே மட்டும் காலியாக விடாதே.

அண்ணி
(நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன்)

---

மார்ச் 14

அன்புள்ள அண்ணி, அண்ணி, அண்ணி,

போதுமா? இன்னும் வேண்டுமென்றால் தாள் முழுக்க எழுதித் தருகிறேன்.

முதலில் "அன்புள்ள அண்ணிக்கு" என்றுதான் ஆரம்பித்தேன். எழுதியதும், அண்ணன் பேரைச் சொல்லி உங்கள் கையைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன். வேறு என்ன எழுதலாம் என்று யோசித்தால் ஒன்றும் வரவில்லை. சரி, கொஞ்சம் இடம் விட்டுவிட்டு எழுதுவோம், கடைசியில் நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்துக் கடைக்கு ஒருவர் வந்து, புதுக் கண்ணாடியில் தரை மேடுபள்ளமாகத் தெரிகிறது என்று குதித்தார். அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு, உறையை ஒட்டிப் போய்ப் பெட்டியில் போட்டுவிட்டேன். உள்ளே விழுந்த பிறகுதான் நினைவு வந்தது. தபால் பெட்டிக்குள் கையை விட்டேன். கை மாட்டிக்கொண்டது. அதைப் பற்றி மேற்கொண்டு எழுத விருப்பமில்லை.

நீங்கள் சொல்ல வந்தது எனக்கு முதல்நாளே தெரிந்துவிட்டது. நாம் மூன்று பேரும் அந்தப் பழைய தானியம் விதைத்திருந்த படியில் நின்றுகொண்டிருந்தோம். ஒரு செடிக்குக் கீழே இருந்த சின்னப் பலகையைச் சுவர்க்காரர் படிக்க நினைத்தார். கையை நீட்டி உங்கள் தலைமேல் இருந்த கண்ணாடியை எடுத்தார், மாட்டிக்கொண்டு படித்தார், திரும்ப உங்கள் தலையிலேயே வைத்தார். நீங்கள் பேச்சை நிறுத்தவே இல்லை, கண்ணாடி போனதும் வந்ததும் உங்களுக்குத் தெரியவே இல்லை. என் கடைக்கு எத்தனையோ பேர் வருகிறார்கள் அண்ணி. இன்னொருவர் கண்ணாடியை இப்படிக் கேட்காமல் எடுத்து மாட்டுவதைப் புருஷன் பெண்டாட்டிகளிடம் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம்தான் செடிகளுக்குப் பேர் கேட்க ஆரம்பித்தேன். நீங்கள் வாய்விட்டுச் சொல்லாதவரைக்கும் அண்ணி என் அண்ணிதான் என்று ஒரு நப்பாசை. (உங்கள் கண்ணாடி அவருக்குப் பொருந்தவே பொருந்தாது. அதைப் போட்டுக்கொண்டு சுவரை எப்படி நேராக அடுக்குகிறார் என்று தெரியவில்லை. கடைக்கு அனுப்பிவையுங்கள்.)

வந்தேறி என்று நான் நினைத்தது அவரை இல்லை. என்னை. நீங்கள் இரண்டு பேரும் அந்தக் கல்படிகளில் ஏறி இறங்குகிறீர்கள், எந்தக் கல் ஆடும் என்று பார்க்காமலே தாண்டுகிறீர்கள். பின்னாலேயே டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, வார் அறுந்த செருப்போடு நான். பஸ்ஸில் அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா எனக்குக் குமட்டுகிறது என்று நினைத்து ஜன்னலைத் திறந்துவிட்டார்.

அண்ணனுக்குத் துரோகம் என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. எனக்குப் பயம், அவ்வளவுதான். நீங்கள் இன்னொருவர் மனைவியாகிவிட்டால் நான் உங்களுக்கு யார்? முன்பு ஒரு காலத்தில் பக்கத்து அறையில் இருந்த பெண். நாளைக்குக் குழாய்க்காரர் மறுபடி கேட்டால் என்ன பதில் சொல்வேன்?

ஆனால் என்னைக் காரணம் காட்டி அவரை வேண்டாம் என்றீர்களே, அதற்குத்தான் உங்கள்மேல் கோபம் கோபமாக வருகிறது. காலம் முழுக்க அந்தப் பழியைச் சுமக்க என்னால் ஆகாது. சரி என்று சொல்லுங்கள். இந்தக் கடிதம் கைக்கு வந்த நிமிஷம் போய்ச் சொல்லுங்கள். என் பயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

குட்டி

---

தாவரப் பூங்கா
மார்ச் 27

என் குட்டிக்கு,

நாற்றுப் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுது தீர்த்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு போய்ச் சொன்னேன். அவர் கையில் ஒரு கல் இருந்தது. கேட்டதும் அதைத் தன் கால்மேலேயே போட்டுக்கொண்டார். கட்டு போட்டிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. நொண்டிக்கொண்டே பூங்கா முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த மாதக் கடைசியில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுவதாக இருக்கிறோம். என் பக்கத்துச் சாட்சியாக நீதான் வரவேண்டும். அங்கேதான் ஒரு வம்பு வந்து நிற்கிறது. விவரம் கேட்கப் போயிருந்தோம். குமாஸ்தா, "சாட்சி பொண்ணுக்கு என்ன உறவு?" என்றார். "நாத்தனார்" என்றேன். "அப்ப மாப்பிள்ளையோட தங்கச்சியா?" என்றார். "அவருக்குத் தங்கச்சியே இல்லீங்க. இவ எனக்குத்தான் நாத்தனார்" என்றேன். "மாப்பிள்ளைக்குத் தங்கச்சி இல்ல, உங்களுக்கு நாத்தனார் இருக்கா. அது எப்படிம்மா?" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நீ பயந்தது இதைத்தான் இல்லையா? அன்றைக்கு அந்த மேஜைக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்கு முழுசாக உறைத்தது.

இவர் வேறு, "உங்க குட்டி என்னை என்ன முறை வச்சுக் கூப்பிடுவாங்க?" என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அண்ணன் என்று கூப்பிடச் சொல்லி உன்னைக் கேட்கமாட்டேன். அந்த வார்த்தை யாருடையது என்று எனக்குத் தெரியும். ஆனால் அண்ணியின் புருஷனுக்கு வேறு என்ன முறை இருக்கிறது? யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. நீ என்னை அண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கவேண்டும், அவரை அண்ணன் என்று கூப்பிடவும் கூடாது. இரண்டுக்கும் சேர்த்து வழி இருந்தால் சொல்.

அண்ணி

---

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் உறை மாறி வந்துவிட்டதோ என்று திருப்பிப் பார்க்காதே. உனக்குத்தான்.

குமாஸ்தா கேட்டதில் தப்பில்லை. அண்ணி என்றால் அண்ணனின் மனைவி. அந்த வார்த்தையையே பிடித்துக்கொண்டு தொங்கினால் ஒன்று நான் அந்த மனிதரை அண்ணா என்று கூப்பிடவேண்டும், இல்லாவிட்டால் உன்னை விடவேண்டும். நான் அண்ணா என்று கூப்பிட்ட ஆள் ஒருவன்தான், அந்த இடம் அவனுடையது. உன்னை விடவும் மாட்டேன். இதையே யோசித்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு குடும்பம் வந்தது. அக்காள், தங்கை, அக்காளின் புருஷன். அக்காளுக்கு எந்த பிரேமும் பிடிக்கவில்லை. "உன் மூஞ்சிக்கு எது வச்சாலும் இப்படித்தான் இருக்கும். சீக்கிரம் எடு" என்றாள் தங்கை. அக்காள் அவள் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். வாசல் வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். அந்த மனிதர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். "மாமா, குடையை மறந்துட்டீங்க பாருங்க! அக்காவைக் கட்டினதுல இருந்து உங்களுக்கு எல்லாமே மறந்துபோகுது" என்று தங்கை அவரையும் ஒரு வாரு வாரினாள். அவரும் அசட்டுச் சிரிப்போடு திரும்பி வந்து குடையை எடுத்துக்கொண்டார்.

அக்காவின் புருஷன் மாமா. இதில் யாருடைய இடமும் பறிபோகவில்லை. உன் சுவர்க்காரரிடம் சொல், அவர் எனக்கு மாமா. மாமா என்றால் நான் வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்யலாம், அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. காலில் கல்லைப் போட்டுக்கொண்டதிலிருந்து ஆரம்பிக்கப்போகிறேன்.

நீ அக்கா என்றால் அண்ணனுக்கு என்ன ஆகிறாய் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரிய வில்லங்கமாக வந்தது. அதை அவனிடமே விட்டுவிட்டேன். அவன் இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பான், "உன் தலையைப் பின்னிவிட்ட புண்ணியத்துல அவளுக்கு இன்னொரு உத்தியோகமா?" என்று கேட்டிருப்பான்.

அக்காவை நீங்கள் என்று சொல்கிறவள் உலகத்தில் உண்டா? அதனால் இனிமேல் நீதான். எழுதும்போது கை கூசுகிறது, நாலைந்து இடத்தில் "நீங்கள்" என்று எழுதி அடித்திருக்கிறேன், பார்த்திருப்பாய். பழகிவிடும். அண்ணியோடு சண்டை போட்டால் நாத்தனார் கொடுமை என்பார்கள். அக்காவோடு போட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். பாக்கி வைத்திருக்கிற சண்டைகள் எனக்கு நிறைய இருக்கின்றன. என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போனதில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக நேரில் வந்து போடுகிறேன்.

பதிவுக்கு முதல்நாளே வந்துவிடுவேன். அதற்குமுன் நீ போய் அந்தக் குமாஸ்தாவைப் பேனாவை எடுக்கச் சொல். பெண்ணுக்கு என்ன உறவு என்று மறுபடி கேட்பார். "கூடப் பிறந்தவ மாதிரி" என்று இழுக்காதே. மாதிரி எல்லாம் வேண்டாம். தங்கச்சி என்று சொல், எழுதிக்கொள்ளட்டும்.

உன் தங்கை